தளிர் விடும் காலமும் ரப்பர் மர நோய்களும்

தைப்பொங்கல் கழிந்த சில நாட்களில் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்குகின்றன. பிப்ரவரி இம்மாநிலத்தில் மழை குறைவான மாதம். அதிலும் ஜெலுபு வட்டாரம் தீபகற்பத்திலேயே மழை மிகக் குறைந்த இடம் எனப் பெயர் பெற்றது. பழைய இலை நீங்கியதும் செப்பு நிறத் தளிர்கள் தோன்றி, வெளிர் பச்சையாகிப் பின்னர்க் கரும்பச்சையாக முற்றுவதற்கு ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்கள் ஆகும். மரம் நோய்க்கு மிக எளிதில் ஆட்படுவது இந்த வாரங்களில்தான்.

இரவில் குளிரும் விடியலில் பனிமூட்டமும் சேர்ந்தால் சாம்பல் நோய் தலைகாட்டும். ஓய்டியம் என்னும் பூஞ்சணமே இதற்குக் காரணம். தளிரின்மீது வெள்ளை மாவு தூவியதுபோல் படியும். தளிர் சுருண்டு உதிரும். காம்பு மட்டும் சில நாட்கள் கிளையில் நிற்கும். நிரையில் நடக்கும்போது சருகுகளுக்கிடையே இளந்தளிர்கள் கிடப்பதைக் கண்டால் உடனே கங்காணியிடம் தெரிவிக்க வேண்டும். மேலதிகாரி காரில் வந்து பார்ப்பதற்குள் நோய் ஒரு பகுதி முழுவதும் பரவியிருக்கும். முதன்முதலில் காண்பவர் பால்வெட்டுத் தொழிலாளரே.

தளிர் உதிர்ந்தால் மரம் தான் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தைச் செலவிட்டு மீண்டும் தளிர்க்கிறது. அதனால் பால் குறைகிறது. பாலின் எடைக்கேற்பக் கூலி பெறுவோரின் வருவாயும் குறைகிறது.

சாம்பல் நோய்க்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது கந்தகத் தூள். காற்று அடங்கி, இலைகளில் பனி ஈரம் இருக்கும் விடியற்காலையில் தூவினால்தான் அது இலையில் ஒட்டும். தளிர் விடத் தொடங்கியதுமே ஆரம்பித்து, இலை முற்றும்வரை ஏறத்தாழ வாரம் ஒருமுறை தூவ வேண்டும். கனமழை பெய்தால் தூள் கழுவப்பட்டுவிடும். தூவுவோர் கண்ணாடியும் முகமூடியும் நீண்ட கைச்சட்டையும் அணிதல் வேண்டும். கந்தகம் எளிதில் தீப்பற்றக் கூடியது. அருகில் சுருட்டோ சிகரெட்டோ கூடவே கூடாது.

தளிர்க்கும் காலத்தில் மழை தொடர்ந்து பெய்தால் வேறொரு நோய் வரும். கொலட்டோடிரைக்கம் எனும் பூஞ்சணம் தளிரின் நுனியைக் கருக்கிப் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். இதற்குக் கந்தகம் பயன்தராது. வேறு மருந்து தேவை. ஆகவே வெண்மாவா, பழுப்புப் புள்ளியா என்று பார்த்துச் சொல்வது முக்கியம். தளிரை மட்டுமன்றி முற்றிய இலையையும் தாக்கும் பெஸ்டலோடியாப்சிஸ் நோய் 2016இல் இந்தோனேசியாவிலும் 2017இல் மலேசியாவிலும் கண்டறியப்பட்டது. முற்றிய இலைகளில் வட்டமான பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் தோட்ட நிர்வாகம் மலேசிய ரப்பர் வாரியத்துக்கு அறிவிப்பது நன்று.

இனி, நம் கையாலேயே பரவும் நோய் ஒன்று உண்டு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகும்போது வெட்டுப்பட்டையில் பூஞ்சண அழுகல் தோன்றும். வெட்டுக் கோட்டுக்குச் சற்று மேலே பட்டை குழிந்து, நிறம் மாறி, சாம்பல் நிறப் பூஞ்சணம் பூக்கும். கவனியாது விட்டால் மரம்வரை அழுகும். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் வெட்ட வேண்டியவரும் தொழிலாளரே. அப்பட்டையில் கத்தி ஓடாது.

நோயுற்ற மரத்தை வெட்டிய கத்தி அடுத்த மரத்துக்கும் நோயைக் கொண்டுசெல்கிறது. எனவே அத்தகைய மரங்களுக்கு அடையாளமிட்டு, நிர்வாகம் அனுமதிக்கும்வரை வெட்டாமல் விட வேண்டும். மற்ற மரங்களில், பால் எடுத்தபின் ஒட்டுப்பாலை நீக்கிவிட்டு, கோட்டின் மேலே தூரிகையால் மருந்து பூச வேண்டும். பட்டை நனைந்திருக்கும் காலையில் அவசரப்பட்டு வெட்டுவதும் நோய்க்கு வழிவிடும். மரத்துக்கு மரம் கத்தியைக் கிருமிநாசினியில் நனைத்துத் துடைக்கச் சில நொடிகளே ஆகும். மழைக்காலத்தில் அதற்கென ஒரு சிறு டின்னை வாளியுடன் எடுத்துச் செல்லலாம்.