வாசலில் வைக்கும் பசுமை: குளிர்காலப் பண்டிகைத் தொட்டிகள்

டிசம்பர் மாதத்துச் சிம்லாவில் ஒரு காட்சி வழக்கமானது. மழைக்காலம் முழுவதும் பூத்துக் குலுங்கிய தொட்டிச் செடிகள் உறைபனியில் கருகிவிட, வாசலின் இருபுறமும் மண் நிறைந்த வெறும் தொட்டிகள் எஞ்சி நிற்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, லோஹ்ரி, பொங்கல் என்று பண்டிகைகள் அடுத்தடுத்து வரும் நாள்களில் வீட்டு முகப்பு இவ்வாறு வெறிச்சோடிக் கிடப்பதை எவரும் விரும்புவதில்லை. அந்தத் தொட்டிகளை வெட்டிய பசுந்தழைகளால் நிரப்பி அழகுசெய்யும் கலை, குளிர்மிக்க ஐரோப்பிய, வட அமெரிக்க நாடுகளில் நன்கு வேரூன்றியது. நம் நாட்டின் பலவகைக் குளிர்காலங்களுக்கு ஏற்ப அதனை எவ்வாறு மாற்றிக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இக்கலை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மாவிலைத் தோரணமும் வாசலில் கட்டும் வாழைமரமும் வெட்டிய பசுமையைக் கொண்டு விழாவை வரவேற்கும் வழக்கங்களே. கொங்குப் பகுதியில் பொங்கலுக்கு முன்னர் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் காப்புக் கட்டுகின்றனர். அதுவும் குளிர்காலப் பசுமையே.

நடவு அன்று, அலங்காரம்

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். குளிர்காலத் தொட்டியில் நாம் எதையும் நடுவதில்லை. செருகப்படும் கிளைகளுக்கு வேர் இல்லை; அவை வளரப்போவதும் இல்லை. இது வீட்டுக்கு வெளியே வைக்கப்படும் பெரியதொரு பூச்சாடி. எனவே ‘எப்படி வளர்ப்பது’ என்பதைவிட ‘எத்தனை நாள் வாடாமல் காப்பது’ என்பதே இங்கு எழும் கேள்வி.

வெட்டிய கிளை வாடுவதற்குக் காரணம் எளியது. இலைகளின் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது; அதை ஈடுசெய்ய வேரில்லை. தேவதாரு, பைன் போன்ற ஊசியிலை மரங்களின் இலைகள் மெல்லியவை. மெழுகுப் பூச்சுக் கொண்டவை. நீர் வெளியேறும் நுண்துளைகள் அவற்றில் உள்ளடங்கி இருக்கின்றன. ஆகவே, அவை நீரை மெல்லமெல்லவே இழக்கின்றன. தடித்த, வழவழப்பான மாவிலை தோரணத்தில் பல நாள் தாங்குவதற்கும் இத்தகைய மேற்பூச்சே காரணம். இதனுடன் காற்றில் குளிரும் சேருமானால் நீரிழப்பு மேலும் குறையும். குளிர்நாடுகளில் இத்தொட்டிகள் வாரக்கணக்கில் பசுமை மாறாமல் இருப்பதன் மறைபொருள் இதுவே. ஊர் வெப்பமாக ஆக, நம் பராமரிப்பும் கூட வேண்டும்.

ஊருக்கேற்ற தழை

இமயமலை ஊர்களில் தேவதாருவே முதன்மையானது. இமாசலப் பிரதேசத்தின் மாநில மரமும் அதுவே. அடுக்கடுக்காகத் தாழ்ந்து விரியும் அதன் கிளைநுனிகள் தொட்டியின் விளிம்பில் கவிழ்ந்து தொங்குவதற்கு மிகவும் ஏற்றவை. மேகாலயத்தின் ஷில்லாங்கில் காசிப் பைன் எளிதாகக் கிடைக்கும். காசி மலைகளின் பெயரையே தாங்கிய இம்மரத்தின் நீண்ட ஊசிகள் அலங்காரத்துக்கு ஒரு மென்மையைத் தருகின்றன.

தில்லி, லக்னோ, சண்டிகர் போன்ற வட இந்தியச் சமவெளி நகரங்களில், மயிலிறகைப் போன்ற தோற்றத்தால் ‘மோர்பங்கி’ என்று அழைக்கப்படும் தூஜாவே பெரிதும் உதவும். பூங்காக்களிலும் வீட்டு முகப்புகளிலும் அது பரவலாக வளர்க்கப்படுகிறது. தட்டையாக விரியும் அதன் கிளைகளை விசிறிபோல் அடுக்கலாம். அதனுடன் காமினி வேலிச்செடியின் பளபளப்பான இலைகளைச் சேர்த்தால் தொட்டி நிறைவு பெறும்.

பெங்களூரு வாசகர்களுக்குச் சில்வர் ஓக் கிடைக்கும். காப்பித் தோட்டங்களில் நிழல்மரமாக வளர்க்கப்படும் இதன் இலைகள் மேற்புறம் பசுமையாகவும் அடிப்புறம் வெள்ளிபோலவும் இருப்பதால் மாலை விளக்கொளியில் எடுப்பாகத் தெரியும். கோவா, கேரளம், தமிழ்நாடு ஆகிய கடலோரப் பகுதிகளில் சவுக்குக் கிளையே கிறிஸ்துமஸ் மரமாக நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. நாம் சவுக்கின் ஊசியிலை என்று கருதுவது உண்மையில் மெல்லிய பச்சைத் தண்டே. இலைகளோ அத்தண்டின் கணுக்களில் சிறு செதில்களாகக் குறுகிவிட்டன.

முதலும் வட்டியும்

தழையை எங்கிருந்து பெறுவது என்பது அலங்காரத்தைக் காட்டிலும் முக்கியமான வினா. சாலையோரத் தேவதாருவில் இரண்டு கிளைகளை ஒடித்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் ஒதுக்கப்பட்ட காடுகளில் மரத்தை வெட்டுவது மட்டுமன்றி, கிளைகளைக் கழிப்பதும் இலைகளைப் பறிப்பதும் 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டப்படி குற்றமாகும். நகரங்களில் உள்ள மரங்களுக்கும் மாநிலச் சட்டங்களின் பாதுகாப்பு உண்டு. தில்லியில் 1994ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஊசியிலை மரங்கள் பலவற்றில் இலையற்ற பழைய கட்டை வரை வெட்டிவிட்டால் அவ்விடத்தில் மீண்டும் துளிர்ப்பதில்லை. ஒரு பண்டிகையின் அழகுக்காக மரம் நிரந்தரமாக ஊனமுறுகிறது.

நேரிய வழிகள் பல உள்ளன. நம் தோட்டத்துச் செடிகளைக் கவாத்து செய்யும் நாளைப் பண்டிகையை ஒட்டி அமைத்துக்கொள்ளலாம். குடியிருப்புப் பூங்காவின் வேலிகளை வெட்டிச் சீராக்கும் நாளை மாலியிடம் கேட்டறிந்தால், குப்பைக்குச் செல்லவிருக்கும் தழையே நமக்குப் போதும். மலர்ச் சந்தைகளிலும் பசுந்தழைக் கட்டுகள் கிடைக்கின்றன. சேமிப்பின் மொழியில் சொல்வதானால், மரம் முதல். கவாத்தில் கழியும் கிளை வட்டி. வட்டியை எடுத்துச் செலவிடலாம், முதலில் கைவைக்கலாகாது.

செய்முறை

1. தொட்டி: 12 முதல் 14 அங்குல வாயுள்ள, அடியில் வடிகால் துளை கொண்ட தொட்டியைத் தேர்ந்தெடுக்கவும். உறைபனி பெய்யும் ஊர்களில் மண்தொட்டியைத் தவிர்ப்பது நலம். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைவதால், ஈரம் ஊறிய மண்தொட்டி வெடித்துவிடக்கூடும். அங்கே மரத்தொட்டியோ தகரத் தொட்டியோ பொருந்தும். எதுவாயினும் செங்கல் துண்டுகளின்மேல் சற்று உயர்த்தி வைத்தால் நீர் தேங்காது.

2. நிரப்புதல்: துளையின்மேல் ஓட்டுச் சில்லை வைத்து, தோட்ட மண்ணும் மணலும் சரிபாதி கலந்து, விளிம்புக்கு இரு விரற்கடை கீழ்வரை நிரப்பி நன்கு நனைத்து அழுத்தவும். பூக்கடைகளில் விற்கும் பச்சை நிறப் பஞ்சுக்கட்டி வேண்டாம். அது மக்காத நெகிழி. ஈரமணலே கிளையை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். நிரம்பிய தொட்டி தூக்க முடியாத பாரமாகிவிடும். ஆதலால் அதை வைக்கவேண்டிய இடத்திலேயே வைத்து வேலையைத் தொடங்குக.

3. தழையைப் பக்குவப்படுத்துதல்: அதிகாலையில், கூரிய கவாத்துக் கத்தரியால், சாய்வாக வெட்டவும். மண்ணுக்குள் செல்லவிருக்கும் அடிப்பகுதியில் ஒரு சாண் அளவுக்கு இலைகளை உருவிவிட்டு, ஓரிரவு முழுவதும் வாளி நீரில் நிறுத்தி வைக்கவும். பலரும் தவிர்த்துவிடும் படி இதுவே. தழை விரைவில் வாடுவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணமாகிறது.

4. அடுக்குதல்: நெடிய, நேரான கிளைகள் மூன்றை நடுவில் செருகவும். தொட்டியின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு உயரம் கண்ணுக்கு இதமாக இருக்கும். அவற்றைச் சுற்றிலும் அடர்ந்த தழைகளைச் சற்றே வெளிப்புறம் சாயுமாறு நிரப்பவும். இறுதியாக விளிம்பில் தாழ்ந்து தொங்கும் கிளைகளை வைக்கவும். சுவரோரத் தொட்டியாயின் நெடிய கிளைகளைப் பின்புறம் நகர்த்திக்கொள்ளலாம். ஒவ்வொரு கிளையும் நான்கு அங்குலமாவது மண்ணுள் இறங்கியிருக்க வேண்டும். இல்லையெனில் முதற் காற்றிலேயே சாய்ந்துவிடும்.

5. நீர்: மண் காயாமல் இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை நீர் ஊற்றி, இலைகளின்மீதும் தெளிக்கவும். தூசு மிகுந்த நகரங்களில் இத்தெளிப்பு இலைகளைக் கழுவிப் பொலிவையும் மீட்டுத் தரும். தொட்டியை நேர்வெயில் படாத இடத்தில் வைப்பது பாதி பராமரிப்புக்குச் சமம்.

வெப்பமான ஊர்களில் மேலும் ஒரு வழி உண்டு. கழுத்தை வெட்டிய சிறு நெகிழிப் புட்டிகளை மணலுக்குள் புதைத்து, நீர் நிரப்பி, கிளைகளை அவற்றில் நிறுத்தலாம். புட்டியின் வாயைக் கூழாங்கற்களால் மூடி, நீரையும் வாரம் ஒருமுறையேனும் மாற்றிவிட வேண்டும். தேங்கிய நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற்றுவிடுகிறது. தொட்டியின் அடித்தட்டுக்கும் இவ்விதி பொருந்தும்.

நிறம் சேர்த்தல்

பசுமைக்கு நடுவே சிவப்பு வேண்டுமெனில் பாயின்செட்டியா முதலிடம் பெறும். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியை டார்ஜிலிங் வட்டாரத்தில் ‘லாலுபாத்தே’ என்பர். நாம் மலரென்று எண்ணும் சிவப்பு உண்மையில் இலையே. நடுவில் உள்ள மஞ்சள் மொட்டுகளே மலர்கள். நாள்தோறும் ஏறத்தாழ 14 மணி நேர இடையறாத இருள் பல வாரங்கள் கிடைத்தால்தான் அவ்விலைகள் சிவக்கும். சென்ற ஆண்டு வாங்கிய செடி இவ்வாண்டு சிவக்கவில்லையெனில், இரவெல்லாம் எரியும் வாசல் விளக்கு காரணமாக இருக்கலாம். இதனை வெட்டிச் செருகாமல், சிறு தொட்டியோடு மணலில் பதித்துவிடுவதே சிறந்தது. வடக்கே சாமந்தித் தொட்டிகளையும் இவ்வாறே பதிக்கலாம்.

பைன் காய்கள் மற்றோர் அணி. அவை உலர்ந்தால் விரியும். நனைந்தால் செதில்களை மூடிக்கொள்ளும். எனவே மழையும் நீர்த்தெளிப்பும் படாத பக்கத்தில் வைத்தால் விரிந்த தோற்றம் நிலைக்கும். தேவதாருவின் காய் மரத்திலேயே உதிர்ந்துவிடும். அதன் நுனிப்பகுதி மட்டும் மரத்தில் செதுக்கிய ரோஜாவைப்போல் தரையில் விழும். தோட்டத்தில் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள், ஆண்டுதோறும் உதவும். பழங்களை வைப்பதாயின் மலையூர்களில் எச்சரிக்கை தேவை. சிம்லாவின் குரங்குகள் அந்த அலங்காரத்தை அரைமணி நேரமும் விட்டுவைக்க மாட்டா.

கருத்தில் கொள்ளவேண்டியவை

அழகிய இலைகள் யாவும் தீங்கற்றவை அல்ல. அரளியின் எல்லாப் பகுதிகளும் கொடிய நஞ்சு. டுரான்டா வேலியின் பொன்னிறக் காய்களும் நச்சுத்தன்மை கொண்டவை. குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ உள்ள வீடுகளில் இவ்விரண்டையும் அறவே தவிர்க்கவும். பாயின்செட்டியாவின் பால் தோலில் எரிச்சலை உண்டாக்கக்கூடும். தொட்டபின் கைகளைக் கழுவுதல் நன்று.

மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டியை வைக்கலாகாது. ஈரமணலின் பாரமும் கிளைகளில் மோதும் காற்றும் சேர்ந்தால் அது கீழே நடப்பவர்க்கு ஆபத்து. மின்விளக்குச் சரம் சுற்றுவதாயின் வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்று குறிக்கப்பட்டதையே வாங்கி, இணைப்புமுனையை நீர் படாத உயரத்தில் அமைக்கவும்.

பண்டிகை முடிந்தபின்

ஊசிகள் பழுத்து உதிரத் தொடங்கினால் அலங்காரத்தின் காலம் முடிந்தது என்று பொருள். அத்தழையைப் போகியிலோ லோஹ்ரித் தீயிலோ இட வேண்டாம். பிசின் நிறைந்த ஊசியிலை பொறி பறக்க எரியும், புகையும் மிகுதி. தில்லியில் இலைச்சருகை எரிப்பதே தடைசெய்யப்பட்டுள்ளது. அதனைச் சிறு துண்டுகளாக நறுக்கி, செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரத்தைக் காக்கும். நாளடைவில் மக்கி உரமாகும்.

ஆண்டுதோறும் தழை தேட இயலாதவர்கள், ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்ற பெயரில் நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கும் அரௌகேரியாக் கன்றைத் தொட்டியில் வளர்க்கலாம். நடுவில் அது நிலையாக நிற்க, சுற்றிலும் மட்டும் தழை செருகினால் போதும். அதைத் தரையில் நடும் எண்ணம் எழுந்தால் ஒன்றை நினைவிற்கொள்க: பல பத்து மீட்டர் உயரம் வளரும் மரம் அது. வீட்டுச் சுவரை ஒட்டி நட்டால், பின்னாளில் அதனை வெட்டவே நேரிடும்.

காலியான தொட்டியின் மண்ணும் மணலும் அப்படியே இருக்கும். சமவெளியில் பிப்ரவரியிலும் மலையில் பனி விலகிய பின்னரும் அதில் தொழுவுரம் கலந்து, கோடைக்கான கீரையையோ மலர்ச்செடியையோ விதைக்கலாம். அடுத்த டிசம்பரில் அதே தொட்டி மீண்டும் வாசலுக்கு வரும். நாம் கைவைக்காது விட்ட மரமும் அதற்குள் புதிய கிளைகளை ஈன்றிருக்கும்.