அந்திக் கணக்கு

செப்டம்பர் கடைசியில் கிழக்குக் காற்று கிளம்பி, கூடவே மழையும் பிடித்துக்கொண்டால் ஃபேர் ஐல் தீவில் பறவை ஆர்வலர்களுக்குத் தூக்கம் பிடிக்காது. ஸ்காட்லாந்துப் பெருநிலத்துக்கு வடக்கே, ஆர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் நடுவே, ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளமே உள்ள தீவு அது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து தெற்கே வலசை புறப்பட்ட பறவைகள் இரவு மழையில் திசை தடுமாறி, காற்று தள்ளிய பக்கம் வந்து, கண்ணில் பட்ட இந்தத் துண்டு நிலத்தில் இறங்கிவிடுகின்றன.

மரங்கள் அநேகமாக இல்லாத ஊர். வந்தவை கற்சுவர் ஓரத்திலும் வாய்க்கால் பள்ளத்திலும் ஒண்டுகின்றன. ஐந்தாறு கிராம் எடையுள்ள கோல்ட்கிரெஸ்ட், வட கடலைத் தாண்டிவந்த பசியில், ஆள் நிற்பதையும் சட்டை செய்யாமல் காலடியிலேயே பூச்சி பொறுக்கும். சைபீரியப் பக்கத்து லான்சியோலேட்டட் கதிர்க்குருவியோ பறப்பதை விட்டுவிட்டுப் புல்லுக்குள் எலிபோல் ஓடும்.

தீவின் பறவை ஆய்வகத்தார் காலை உணவுக்கு முன்பே ஹெலிகோலாந்து பொறிகளைச் சுற்றிவருகிறார்கள். வாய் அகன்று, போகப்போகக் குறுகும் கம்பிவலைக் கூண்டு. கடைசியில் ஒரு பெட்டி. சிக்கிய குருவியின் கழுத்தை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பதமாகப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, இறக்கையை அளந்து, எடை பார்த்து விட்டுவிடுகிறார்கள்.

இந்த ஆய்வகத்தைக் கனவு கண்டவர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன். 1941-ல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போர்க்கைதி முகாமில் இருந்தபடியே திட்டம் போட்டார்; 1948-ல் திறந்தார். 2019 மார்ச்சில் தீப்பிடித்துக் கட்டடம் சாம்பலானது. பறவைப் பதிவுகள் முன்பே கணினியில் ஏறியிருந்ததால் பிழைத்தன.

அந்தப் பதிவுகள் பிறப்பது மாலையில்தான். எல்லோரும் கூடி உட்கார, ஒருவர் இனம் இனமாகப் பெயர் வாசிப்பார்; அன்று யார் எங்கே எத்தனை பார்த்தார்கள் என்று சொல்லச் சொல்ல எண்ணிக்கை ஏறும். அரிய பறவையைத் தேடி ஓடுகிற பரபரப்பைவிட இந்த அந்திக் கணக்கே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சாதாரணப் பறவையையும் நாள்தோறும் எண்ணிவைத்ததால்தானே எது குறைகிறது, எது முந்தி வருகிறது என்பதெல்லாம் பிடிபடுகிறது!

ஃபேர் ஐலில் பிளித் நாணல் கதிர்க்குருவி தென்பட்டால் அன்று அதுதான் பேச்சு. நமக்கு அது வருடந்தோறும் வருகிற விருந்தாளி. குளிர்காலம் முழுக்க வீட்டுத் தோட்டத்துப் புதருக்குள் ஒளிந்துகொண்டு "செக், செக்" என்று குரல் கொடுக்கும். இந்த ஆண்டு அந்தக் குரலை முதலில் கேட்ட தேதியைக் குறித்துவையுங்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்திலும் ஏற்றிவிடுங்கள்.