உம்மாவுக்கு எந்தப் பூ?

துணி இன்று விற்காவிட்டால் நாளை விற்கலாம். பூ அப்படியல்ல, நாளை அது குப்பைதான். அதனால் பூக்கடைக்காரர் பூவோடு ஒரு நாளையும் ஓர் அர்த்தத்தையும் சேர்த்துக் கட்டி விற்கிறார். மே மாதத்து இரண்டாவது ஞாயிறு, அதாவது அன்னையர் தினம் நெருங்கும்போது, வெள்ளை என்றால் தூய்மை, சிவப்பு என்றால் அன்பு, இளஞ்சிவப்பு என்றால் நன்றி என்று அட்டை அச்சிட்டுப் பூங்கொத்தில் தொங்கவிடுகிறார்கள். கண்டியில் நீண்ட காலம் துணிக்கடை நடத்துபவன் என்ற வகையில் இதை நான் குறை சொல்லமாட்டேன். சரக்கை நகர்த்த யாரும் செய்வதுதான். ஆனாலும் காசு கொடுப்பவர் அந்த அர்த்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வாங்குவது நல்லது. (அந்த நாளைக் கொண்டாடுவது கூடுமா, கூடாதா என்பதை உலமாக்களிடமே விட்டுவிடுகிறேன். உம்மாவுக்குப் பூ கொடுக்க நாள் பார்க்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.)

அமெரிக்காவில் இந்த நாளை ஆரம்பித்து வைத்தவர் அன்னா ஜார்விஸ் என்ற பெண்மணி. அவருடைய தாய் 1905 மே 9 இல் காலமானார். 1908 மே 10 இல் மேற்கு வேர்ஜினியா மாநிலத்தின் கிராஃப்டன் நகரிலுள்ள மெதடிஸ்த தேவாலயத்தில் நடந்த அன்னையர் தின ஆராதனைக்கு அன்னா 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பிவைத்தார். ஏன் கார்னேஷன்? அவருடைய தாய்க்குப் பிடித்த பூ அது. 1914 இல் ஜனாதிபதி வூட்ரோ வில்சன் அந்த நாளைத் தேசிய தினமாகப் பிரகடனம் செய்தார். வெள்ளைக் கார்னேஷனுக்குத் தட்டுப்பாடு வந்தது, விலை ஏறியது. தாயை இழந்தவர்களுக்கு வெள்ளை, தாய் உயிரோடு இருப்பவர்களுக்குச் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு என்று பூக்கடைக்காரர்கள் ஒரு புதிய வழக்கத்தைப் பரப்பினார்கள். இல்லாத சரக்குக்குப் பதிலாக இருக்கிற சரக்குக்கு ஓர் அர்த்தம் கொடுத்த அந்த மூளையை ஒரு வியாபாரி மெச்சத்தான் வேண்டும். அன்னா மெச்சவில்லை. பூக்கடைகளோடும் வாழ்த்து அட்டைக் கம்பனிகளோடும் வருடக் கணக்காகச் சண்டை பிடித்தார். 1925 இல் கார்னேஷன் விற்று நிதி சேர்த்த ஒரு மாநாட்டுக்குள் புகுந்து, அமைதியைக் குலைத்தார் என்று கைதும் செய்யப்பட்டார். 1948 இல் ஒரு பராமரிப்பு நிலையத்தில் அவருடைய காலம் முடிந்தது.

பூக்களின் மொழி என்ற சங்கதியும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதன் ஒரு வேர் இஸ்தான்பூலில் இருக்கிறது. பிரித்தானியத் தூதுவரின் மனைவியாக 1717, 1718 ஆம் ஆண்டுகளில் அங்கிருந்த மேரி வொட்லி மொன்டேகு சீமாட்டி, துருக்கிப் பெண்கள் பூ, பழம் போன்ற பொருட்களை அனுப்பிச் செய்தி பரிமாறுவதாக ஊருக்குக் கடிதம் எழுதினார். பொருளின் பெயரோடு ஓசை ஒத்துவரும் ஒரு வரிதான் அங்கு செய்தி. ஐரோப்பியர் அதைப் பிடித்துக்கொண்டு பூவுக்குப் பூ அகராதி போட்டுவிட்டார்கள். 1819 இல் பாரிஸில் வெளிவந்த சார்லட் த லத்தூரின் புத்தகம் அதில் பெயர்போனது. ஒரு புத்தகத்தில் உள்ள அர்த்தம் அடுத்ததில் மாறியிருக்கும். நம் உம்மாமார் அந்த அகராதியைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு வேறு அகராதி இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்குக் கட்டாரில் வேலை. ஒரு வருடம் மார்ச் 21 இல் ஊரிலிருக்கும் உம்மாவுக்குக் கொழும்புக் கடையொன்றின் மூலம் பூங்கொத்து அனுப்பினார். அரபு நாடுகளில் அன்னையர் தினம் அன்றைக்குத்தான். முஸ்தபா அமீன், அலி அமீன் என்ற பத்திரிகையாளச் சகோதரர்களின் முயற்சியால் எகிப்தில் 1956 இல் தொடங்கி மற்ற நாடுகளுக்கும் பரவியது. உம்மாவுக்கு அந்தத் திகதி என்னவென்று தெரியாது. கொத்து முழுவதும் வெள்ளைச் செவ்வந்தியும் வெள்ளை அந்தூரியமும். கடைக்காரர் தூய்மை என்று நினைத்துக் கட்டியிருப்பார். உம்மாவுக்கோ கை நடுங்கிவிட்டது. மகன் டெலிபோன் எடுத்தபோது முதல் கேள்வி, "யாருட மவுத்துக்கு மகன் இந்தப் பூ?" நமது மையித்து வீட்டில் மலர்வளையம் வைப்பதில்லைதான். ஆனாலும் எல்லாச் சமூகத்தாரோடும் கலந்து வாழும் நமக்கு, வீதியில் வெள்ளைக் கொடியும் வீட்டுக்குள் வெள்ளைப் பூவும் என்ன சொல்லும் என்று தெரியாதா?

தலதா மாளிகைப் பக்கம் விற்கும் தாமரையையும் நீலோற்பலத்தையும் பார்த்து ஆசைப்படுபவர்கள் உண்டு. அவை பூஜைக்குப் போகிற பூக்கள். காணிக்கைப் பூவைப் பௌத்தர்கள் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வெசாக் வரும் மே மாதத்தில் கேள்வியும் கூடுதல். அங்கே போய் உம்மாவுக்கு என்று பேரம் பேசுவது அழகில்லை.

ஆகவே கடைக்குப் போகுமுன் உம்மாவின் முற்றத்தைப் பாருங்கள். எதை நட்டிருக்கிறார், எதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார், எதைப் பறித்து வீட்டுக்குள் கொண்டுவருகிறார்? என் உம்மா ரோஜாவை எட்டியும் பார்க்கமாட்டார். பின்னேரம் மல்லிகை மொட்டுப் பறித்து ஒரு தட்டில் இட்டு முஸல்லாவுக்குப் பக்கத்தில் வைப்பார். இஷாவுக்குள் அது விரிந்துவிடும். கடைசிக் காலத்தில் பார்வை மங்கியபோது நாங்கள் கொண்டுபோன எந்தப் பூவின் நிறமும் அவருக்குத் தெரியவில்லை. மல்லிகை வந்தால் மட்டும், வாசலில் ஆள் நிற்கும்போதே தலையைத் திருப்புவார். வயது போன உம்மாவுக்கு மணம்தான் பூ. நறுமணச் செடியை ஒருவர் தந்தால் மறுக்க வேண்டாம் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நபிமொழியும் உண்டு. ஆஸ்துமா, இழுப்பு உள்ளவராக இருந்தால் மணப் பூவை விட்டுவிட்டு அந்தூரியமோ ஓர்க்கிட்டோ கொடுங்கள்.

இனிக் காசுக் கணக்கு. ரோஜா நான்கைந்து நாள் நிற்கும். அந்தூரியம் இரண்டு வாரம் தாண்டும். அதில் நாம் பூ என்று நினைக்கும் சிவப்புப் பகுதி உண்மையில் ஒரு தடித்த இலை மடல். விலையை நாட்களால் பிரித்துப் பாருங்கள். ரோஜா வாங்கும்போது மொட்டின் அடிப்பாகத்தை இரண்டு விரலால் மெதுவாக அமத்துங்கள். இறுக்கமாக இருந்தால் புதிது, தொளதொளத்தால் நுவரெலியாவிலிருந்து வந்து நாளாகிவிட்டது. வீட்டில் தண்டைச் சரிவாக வெட்டி, தண்ணீருக்குள் அமிழும் இலைகளைக் கழற்றி, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். கார்னேஷனை மட்டும் வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எதிலீன் வாயு பட்டால் இதழ் சீக்கிரம் சுருண்டுவிடும். நம் வீட்டு மேசையிலோ பூச்சாடியும் பழத்தட்டும் எப்போதும் சோடி!

வெளிநாட்டிலிருந்து ஓடர் கொடுக்கும் பிள்ளைகள் 'அன்னையர் தினக் கொத்து' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் கடையில் தேங்கியது வரும். பூவின் பெயர், நிறம், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். கட்டிய பிறகு வட்ஸ்அப்பில் படம் கேளுங்கள். வீட்டில் கொஞ்சம் இடமிருந்தால் வெட்டிய பூவை விடச் சாடியோடு செடி வாங்குவதே என் சிபாரிசு. மல்லிகைக்கு வெயில் வேண்டும், அந்தூரியத்துக்கு நிழல் வேண்டும். உம்மா குனிந்து நிமிர முடியாதவர் என்றால், சாடியை இடுப்பளவு உயரத்தில் ஒரு வாங்கின் மேல் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.