வயலின் ஓரம் யாருடையது?

யூதர்களின் மறைநூலான தோராவிலிருந்து அன்றாட வாழ்க்கைக்குப் பாடம் எடுக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கதைகளைத் தேடித்தான் போகிறார்கள். ஆபிரகாம் வெயில் நேரத்தில் வந்த வழிப்போக்கர் மூவரை ஓடிப்போய் வரவேற்று விருந்து வைத்தது, யோசேப்பு தன்னை விற்ற அண்ணன்மாரை மன்னித்தது என்று எடுத்துச் சொல்ல எத்தனையோ உண்டு. ஆனால் கதையிலிருந்து எடுக்கும் பாடம், எடுப்பவரின் விருப்பத்துக்கு வளைந்து கொடுக்கும். பார்வை மங்கிய தகப்பனை ஏமாற்றி ஆசீர்வாதம் வாங்கிய யாக்கோபை வைத்து விடாமுயற்சியையும் போதிக்கலாம், வஞ்சகத்தின் விளைவையும் போதிக்கலாம். இரண்டு பிரசங்கமுமே கேட்க நன்றாக இருக்கும். தோராவின் பெரிய கொடை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். வாசிக்கிறவர்கள் அலுத்துப்போய்த் தாண்டிவிடும் சட்டப் பட்டியல்களில் அது கிடக்கிறது. அங்கே இரக்கத்துக்கு அளவு குறித்திருக்கிறது, நாள் குறித்திருக்கிறது, கொடுப்பவன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுகூடக் குறித்திருக்கிறது. அந்தச் சட்டங்களை ஆண்டு தவறாமல் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்ப்பவை யூதப் பண்டிகைகள்.

உபாகமம் 24-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை வாங்கப் போனால், கடன் வாங்கியவனின் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவன் தானே பொருளை எடுத்துவந்து கொடுப்பான். அவன் பரம ஏழை, போர்த்திக்கொள்ளும் துணியைத்தான் அடகு வைத்தான் என்றால், பொழுது சாயும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கவே கூடாது. அதன் மேற்கல்லை மட்டும் வாங்குவதும் கூடாது. கூலியாளின் அன்றாடக் கூலி அன்று சூரியன் அடைவதற்குள் அவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கருணையாக இரு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தால் கடன் கொடுத்தவன் தன்னைக் கருணை உள்ளவனாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்திருப்பான். எந்தப் பானை காலி, எந்த மூலையில் என்ன கிடக்கிறது என்று அவன் கண் பார்த்திருக்கும். வறுமையை அந்நியன் கண் அளப்பதுதான் கடன்பட்டவனுக்கு வட்டியைவிடக் கொடிய வலி. சட்டம் அதை அறிந்திருக்கிறது. அதனால்தான் வாசற்படியில் கோடு போடுகிறது.

இந்த நுணுக்கம் வயலில் இன்னும் தெளிவாகத் தெரியும். அறுவடையின்போது வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும், சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது, மறந்து விட்டுவந்த அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. இவை ஏழைக்கும் பரதேசிக்கும் உரியவை. ஓரம் என்றால் எவ்வளவு என்று தோரா சொல்லவில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று அடிமட்டம் வைத்தது. மேல் எல்லை வைக்கவில்லை. ‘பேயா’ எனப்படும் இந்த ஓரத்துக்காக மிஷ்னாவில் தனி நூலே இருக்கிறது. சிந்திய கதிர் ஒன்றோ இரண்டோ என்றால் ஏழையுடையது, மூன்று என்றால் உடைமையாளனுடையது என்று ஹில்லேல் என்ற ஆசானின் பள்ளியார் எண்ணிச் சொன்னார்கள். ஏழைகள் ஓரத்தை அரிவாள் கொண்டு அறுக்கக் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். நெரிசலில் ஒருவர் மேல் ஒருவர் வெட்டுப்பட்டுவிடக் கூடாதே என்பது காரணம். பேரீச்ச மரம் போன்றவை என்றால் மட்டும் உடைமையாளனே குலையை இறக்கிப் பங்கிட வேண்டும், ஏழை மரமேறி விழுந்துவிடக் கூடாது. மற்ற வயல்களில் உடைமையாளன் பங்கிடவே கூடாது. வந்தவர்கள் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். இந்த ஏழை நல்லவன், அந்த ஏழை வாயாடி என்று பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் அவனுக்கு இல்லை.

ஓரத்தை ஏன் வயலின் கடைசியில்தான் விட வேண்டும் என்ற கேள்விக்குத் மிஷ்னா மேலான விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் ரபி ஷிமோன் என்ற ஆசான் காரணங்களை அடுக்குகிறார். எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்றால், யாரும் இல்லாத நேரம் பார்த்து உடைமையாளன் தன் ஏழை உறவினனைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவான்; அது மற்ற ஏழைகளிடம் திருடுவது. எப்போது விடுவானோ என்று ஏழைகள் நாள் முழுக்கக் காத்துக் கிடப்பார்கள். அவர்கள் நேரம் வீணாகும். ஓரம் விடாமலே அறுத்துவிட்டான் என்று வழியே போகிறவர்கள் தப்பாகப் பேசுவார்கள். இவற்றில் இரண்டாவது காரணம் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கிறது. ஏழையின் நேரத்துக்கும் விலை உண்டு என்பதை எந்த இலவச விநியோகத்தின் வரிசையிலும் இன்றுவரை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை.

லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் பண்டிகைகளின் அட்டவணை. ஓய்வுநாள், பஸ்கா, அதிலிருந்து ஏழு வாரம் எண்ணி வரும் ஷவுவோத் என்று வரிசையாக வந்து, அடுத்த பண்டிகைக்குப் போவதற்கு முன்னால், சம்பந்தமே இல்லாததுபோல வயலின் ஓரத்தைப் பற்றிய கட்டளை மறுபடியும் வந்து நிற்கிறது. பலிகளைப் பற்றிய பேச்சுக்கு நடுவே இது எதற்கு என்று பழைய உரையாசிரியர்களே கேட்டிருக்கிறார்கள். 11-ஆம் நூற்றாண்டு பிரான்சில் வாழ்ந்த ராஷி, முன்னோர் சொன்ன விடையை எடுத்து எழுதினார்: ஏழைக்குரியதை ஏழைக்கு முறையாக விட்டவன், ஆலயத்தைக் கட்டி அதில் பலி செலுத்தியவனாகவே கருதப்படுவான். இந்த ஷவுவோத் பண்டிகையில்தான் ஜெப ஆலயங்களில் ரூத்தின் புத்தகத்தை வாசிக்கிறார்கள். கணவனை இழந்த மோவாபியப் பெண், மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்து, போவாஸ் என்பவரின் வயலில் அறுப்பவர்களுக்குப் பின்னால் நடந்து கதிர் பொறுக்கிய கதை அது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானதும்கூட. அறுபதில் ஒன்று, இரண்டு கதிர், மூன்று கதிர் என்று அளந்து கொடுப்பது அறமா, கணக்கா? மனம் கசிந்து கொடுப்பதல்லவா தானம்? ரூத்தின் கதையே இதற்கு விடை சொல்கிறது. போவாஸ் பரிவுள்ளவர்தான். அவளைக் கண்டிக்காதீர்கள், அவளுக்காகக் கட்டிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப் போடுங்கள் என்று ஆட்களிடம் சொன்னார். ஆனால் அந்தப் பரிவு பிறந்தது அவளைப் பார்த்த பிறகு. அவளை அந்த வயலுக்குள் கொண்டுவந்தது சட்டம். யாருடைய மனமும் கசிவதற்கு முன்பே, ஊர்பேர் தெரியாத ஒரு பரதேசிப் பெண் வரப்பைத் தாண்டி உள்ளே வர உரிமை இருந்தது. மனக்கசிவை மட்டும் நம்பியிருந்தால் அவள் முதலில் போவாஸின் வாசலில் நின்று கையேந்தியிருக்க வேண்டும். அளவு என்பது அடிமட்டம். அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்க இடம் இருக்கிறது. பசித்தவருக்கோ அந்த அடிமட்டம் கையிருப்பு.

மறந்த அரிக்கட்டைப் பற்றிய கட்டளை இன்னும் வியப்பானது. அதை வேண்டுமென்றே நிறைவேற்ற முடியாது, மறந்தால்தான் உண்டு. பழைய யூதத் தொகுப்பான தோசெப்தாவில் ஒரு பக்திமானைப் பற்றி வருகிறது. வயலில் ஒரு கட்டை மறந்துவிட்ட அவர், மகனைக் கூப்பிட்டுப் பலி செலுத்தச் சொல்கிறார். இந்த ஒரு கட்டளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று மகன் கேட்க, மற்ற எல்லாவற்றையும் நாம் நினைத்துச் செய்கிறோம், இது மட்டும் நம் நினைப்பு இல்லாமல் கிடைத்தது என்கிறார் தகப்பன். கணக்குப் பார்க்கும் மதம் என்று இதைச் சொல்கிறவர்கள் அந்த மனிதரின் மகிழ்ச்சியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம்மிடமிருந்து நழுவியது ஒருவருக்குப் பசியாற்றியது என்று ஆனந்தப்படும் மனம், பல தலைமுறைகள் அளந்து அளந்து பழகிய கையிலிருந்து வந்தது.

பண்டிகைகளும் இதே கையின் பழக்கம்தான். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பஸ்கா இரவில் ஒவ்வொருவரும் நான்கு கிண்ணம் திராட்சரசம் அருந்த வேண்டும், விடுதலை பெற்றவர்களைப்போலச் சாய்ந்து உட்கார்ந்து உண்ண வேண்டும். பொதுத் தர்மத்தில் சாப்பிடும் ஏழைக்கும் நான்குக்குக் குறையக் கூடாது என்கிறது மிஷ்னா. அந்த ஒரு இரவில் பிச்சைக்காரரும் சாய்ந்துதான் உட்காருவார். பூரிம் பண்டிகையில் குறைந்தது இரண்டு ஏழைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். தன் விருந்துக்கும் நண்பர்களுக்கு அனுப்பும் பலகாரத்துக்கும் செலவழிப்பதைவிட இதற்குக் கூடுதலாகச் செலவழிப்பதே நல்லது என்று எழுதினார் மைமோனிடிஸ். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராகவும் சட்ட அறிஞராகவும் வாழ்ந்த இவர், பண்டிகை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு தன் குடும்பத்தோடு மட்டும் உண்பவனின் களிப்பை வயிற்றின் களிப்பு என்று தள்ளிவிட்டார். பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரில் விதி இன்னும் கறார். நாள் முழுக்க உபவாசம் இருந்தாலும், சக மனிதனுக்குச் செய்த குற்றம் அவனைச் சமாதானப்படுத்தும் வரை மன்னிக்கப்படாது. அவன் முகம் கொடுக்கவில்லையா? மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு போய்க் கேள். மறுபடியும் போ, மூன்றாம் முறையும் போ. அவன் இறந்துவிட்டான் என்றால் பத்துப் பேரோடு அவன் கல்லறைக்குப் போய்க் குற்றத்தை வாய்விட்டுச் சொல். கடவுளிடம் தனியாக அழுதுவிட்டு எழுந்து போகும் சௌகரியம் அங்கே யாருக்கும் இல்லை.

வயலே இல்லாத நகரவாசிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அந்த மாற்றத்தை ரபிகள் அன்றே செய்துவிட்டார்கள். ஊர்தோறும் ‘கூப்பா’ என்ற பொது நிதி ஏற்பட்டது. அதை வசூலிக்க இருவர், பங்கிட மூவர் என்பது விதி. ஊராரிடம் வசூலிக்கும் அதிகாரத்தைத் தனி ஆளிடம் விடக் கூடாது, கொடுக்கும் இடத்தில் பணவழக்கைத் தீர்ப்பதுபோல மூவர் உட்கார வேண்டும். கூப்பா இல்லாத ஒரு யூத ஊரைத் தாம் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை என்று மைமோனிடிஸ் பதிவு செய்கிறார். இன்றைக்கு இஸ்ரேலில் உபரி உணவையும் வயலில் எஞ்சும் காய்கனிகளையும் திரட்டிக் கொடுக்கும் லெகெட் இஸ்ரேல் என்ற அமைப்பு 2003 முதல் இயங்குகிறது. சிந்திய கதிருக்குத் தோராவில் உள்ள சொல்தான் அதன் பெயர்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. இதே நூலில்தான் அடிமை முறையும் கல்லெறிந்து கொல்லும் தண்டனையும் இருக்கின்றன. மோவாபியன் சபைக்குள் வரக் கூடாது என்ற கட்டளையும் இருக்கிறது. இதை மறைத்துவிட்டு இனிப்பான வரிகளை மட்டும் பொறுக்குவது நேர்மையாகாது. ஆனால் அந்த மரபு தன் நூலை எப்படி வாசித்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏழு ஆண்டில் ஒருவருக்கு மரண தண்டனை விதித்த மன்றமே அழிவுகார மன்றம் என்கிறது மிஷ்னா. எழுபது ஆண்டில் ஒருவருக்கு என்றாலும் அப்படித்தான் என்றார் ரபி எலெயாசர் பென் அசரியா. நாங்கள் அந்த மன்றத்தில் இருந்திருந்தால் ஒருவரும் கொல்லப்பட்டிருக்க மாட்டார் என்றார்கள் ரபி தார்போனும் ரபி அக்கிவாவும். மோவாபியன் என்றால் ஆண்தான், பெண்ணைத் தடுக்கவில்லை என்று வாசித்து ரூத்துக்கு வழி விட்டார்கள். அவளுடைய கொள்ளுப்பேரன் தாவீது ராஜா. கடுமையான விதி கையில் இருந்தும், இரக்கம் போகும் பக்கமே சட்டத்தைத் தள்ளிக்கொண்டு போன உழைப்பு இது. நூலைவிட, நூலோடு போராடிய இந்த உழைப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பரதேசியைப் பற்றித் தோரா 36 இடங்களில் எச்சரிக்கிறது என்று தல்மூத் எண்ணிச் சொல்கிறது. அப்படியிருக்க, அந்த நூலைக் கையில் வைத்திருக்கும் தேசத்தில் பாலஸ்தீனருக்கு நடப்பது என்ன என்று கேட்பவர்களுக்கு மழுப்பலாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. நூலை வைத்திருப்பது வேறு, அதன்படி நடப்பது வேறு. யோம் கிப்பூர் காலையில் வாசிக்கத் தேர்ந்தெடுத்த பகுதியே இதைச் சொல்கிறது. ஏசாயா 58-ஆம் அதிகாரம் அது. உபவாசம் இருந்துகொண்டே வேலையாட்களை நெருக்குகிறவர்களைத் தீர்க்கதரிசி அதில் கடிந்துகொள்கிறார். பசித்தவனுக்கு ரொட்டியைப் பங்கிடுவதே கடவுள் கேட்கும் உபவாசம் என்கிறார். பட்டினியோடு நிற்கும் கூட்டத்தின் முகத்துக்கு நேரே ஆண்டுதோறும் அதை வாசிக்கிறார்கள். அதைக் காதில் வாங்கியவர்களும் உண்டு. 1988-இல் தொடங்கிய மனித உரிமைக்கான ரபிகள் என்ற அமைப்பினர், மேற்குக் கரையில் ஒலிவ அறுவடைக் காலத்தில் பாலஸ்தீன விவசாயிகளோடு தோப்புக்குப் போய் நிற்கிறார்கள். அவர்கள் சிலர்தான். அவர்கள் துணைக்கு அழைப்பதும் இதே தோராவைத்தான்.

இந்தத் தோரா தமிழுக்கும் புதிதல்ல. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, 1719-இல் இறந்தபோது பழைய ஏற்பாட்டைத் தமிழில் ரூத்தின் புத்தகம் வரை மொழிபெயர்த்திருந்தார். எஞ்சியதைப் பின்னால் வந்த ஷூல்ட்ஸே முடித்தார். வயலின் ஓரத்தைப் பற்றிய சட்டமும், அந்தச் சட்டத்தால் வயிறு நிறைந்த பெண்ணின் கதையும் முந்நூறு ஆண்டுகளாக நம் மொழியில் இருக்கின்றன. லேவியராகமம் 19, உபாகமம் 24, நான்கே அதிகாரமுள்ள ரூத், மூன்றையும் இந்த வரிசையிலேயே வாசித்துப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.