இடிக்கும் முன்னே படி எடு!

ஸ்ரீரங்கத்தைத் தழுவி ஓடும் கொள்ளிடத்தின் வடகரையோடு கிழக்கே போனால் திருமழபாடி வரும். இப்போது அது அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. முன்பு திருச்சி ஜில்லாவைச் சேர்ந்த ஊர்.

அங்குள்ள வைத்தியநாத சுவாமி கோயிலின் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்டும்படி முதலாம் ராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1013-ஐ ஒட்டி, ஆணையிட்டான். நல்ல காரியந்தான். ஆனால் பழைய சுவர் முழுவதும் கல்வெட்டுக்கள்! எந்த நிலம் யார் கொடுத்தது, எந்த விளக்கு யார் பெயரில் எரிய வேண்டும் என்பதற்கெல்லாம் அந்தச் சுவர்தான் சாட்சி. சுவர் போனால் சாட்சி போயிற்று.

ஆகவே மன்னன் ஒரு நிபந்தனை விதித்தான். இடிக்கும் முன்னே, கல்வெட்டுக்களை எல்லாம் புத்தகத்தில் படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. அந்த எழுத்துக்கள் மறுபடியும் கல்லில் ஏறியது அவன் மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1026-ஐ ஒட்டி. இடையே ஏறக்குறைய 13 ஆண்டுகள், அந்தத் தர்மங்களின் கல்வெட்டுச் சாட்சியமெல்லாம் ஒரு புத்தகத்துக்குள் அடங்கி இருந்தது!

இப்படிப் பெயர்த்து வெட்டிய கல்வெட்டுக்கள் சோழ நாட்டில் வேறு இடங்களிலும் உண்டு. 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று அவற்றில் குறித்திருப்பார்கள். பழையதன் நகல் இது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவது நம் முன்னோர் வழக்கம்.

அதே கவலை, இன்றைக்கும்

ஆயிரம் ஆண்டு கழிந்தும் அந்தக் கவலை தீரவில்லை. இன்று அது திருச்சியில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. தஞ்சாவூர் சாலையில் துவாக்குடி அருகே 1964-ல் ரீஜினல் இன்ஜினீயரிங் கல்லூரியாகப் பிறந்து, 2003-ல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்த பெரிய கல்லூரி இருக்கிறது. அதைச் சுற்றிலும் எத்தனையோ தொழிற்கல்லூரிகள். ஸ்ரீரங்கத்துத் தெருக்களிலும் தில்லைநகரிலும் உறையூரிலும் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இல்லாத தெரு உண்டா?

அந்தப் பிள்ளையின் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். 'புராஜெக்ட் இறுதி', 'புராஜெக்ட் இறுதி இரண்டு', 'புராஜெக்ட் உண்மையான இறுதி' என்று பைல்கள் வரிசையாக நிற்கும்! நேற்று ஓடிய புரோகிராம் இன்று ஓடாது. எந்த வரியை எப்போது மாற்றினோம் என்பதும் நினைவிராது. சுவரை இடித்தாயிற்று; படி எடுக்கவில்லை.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்தது 'கிட்' என்னும் சாதனம். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கினார். அதுவரை லினக்ஸ் குழுவினர் 'பிட்கீப்பர்' என்ற வேறொன்றை இலவசமாக உபயோகித்து வந்தார்கள். அந்த வசதி பறிபோனதும் தாமே ஒன்றைச் செய்துவிட்டார். சில நாட்களுக்குள் கிட் தன்னுடைய சொந்த மாறுதல்களையே தனக்குள் பதிந்துகொள்ளத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பராமரிப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்தார். இன்று உலகில் புரோகிராம் எழுதுவோரில் மிகப் பெரும்பாலோர் கையாளுவது கிட்தான்.

கிட் பழையதை எப்படிக் காப்பாற்றுகிறது? அதன் உள்வீட்டுக்குள் சற்று நுழைந்து பார்ப்போம்.

வெளிவீதியும் உட்கோயிலும்

ஸ்ரீரங்கத்துக்கு ஏழு பிராகாரங்கள். வெளிப் பிராகாரங்களில் வீடுகளும் கடைகளும் உண்டு. அங்கே தினமும் ஏதாவது மாறிக்கொண்டேயிருக்கும். உள்ளே போகப் போக மாறுதல் குறையும், காவல் கூடும்.

கிட் காக்கும் போல்டரும் இப்படித்தான். மாணவன் தினமும் எழுதி அழிக்கும் பைல்கள் வெளிவீதி. அதனுள்ளே கண்ணுக்குப் படாமல் ஒரு போல்டர் இருக்கும். அதன் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும்: 'புள்ளி கிட்'. பழைய நிலைகள் அத்தனையும் அங்கேதான் இருக்கின்றன. வெளிவீதியில் உள்ள பைல்களை எல்லாம் தவறுதலாக அழித்துவிட்டாலும், அதுவரை பதிவு செய்த அத்தனையையும் இந்த உட்கோயிலிலிருந்து மீட்டுவிடலாம். உட்கோயிலையே அழித்துவிட்டாலோ, கையில் இருப்பது இன்றைய பிரதி மட்டுந்தான். நேற்று என்பதே கிடையாது!

பெயரில்லாத சரக்கு

உட்கோயிலின் கருவூலம் 'ஆப்ஜெக்ட்ஸ்' என்ற போல்டர். இங்கேதான் ஓர் அதிசயம். எந்தப் பொருளும் இங்கே அதன் பெயரால் வைக்கப்படுவதில்லை. பைலுக்குள் இருக்கும் எழுத்துக்களைக் கணக்கிட்டு, கிட் ஒரு கைரேகை எடுக்கிறது. ஒன்பது வரையிலான எண்களும், ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துக்களும் கலந்த 40 குறிகள் கொண்ட ரேகை அது. ஒரு காற்புள்ளி மாறினாலும் ரேகை அடியோடு மாறிவிடும்.

அந்த ரேகையே விலாசம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டைத் தேட வேண்டுமானால், கீழச் சித்திரை வீதி என்று முதலில் வீதியைச் சொல்லி, பிறகு கதவு எண்ணைச் சொல்வோம் அல்லவா? கிட்டும் முதல் இரண்டு குறிகளை வீதியாக, அதாவது போல்டராக, வைத்துக்கொள்கிறது. மிச்சமுள்ள 38 குறிகள் கதவு எண். மொத்தம் 256 வீதிகள் வரை உண்டாகலாம். ஆயிரக்கணக்கான பைல்கள் ஒரே போல்டரில் நெருக்கியடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே விஷயம் பத்துப் பெயர்களில் பத்து இடங்களில் இருந்தாலும் ரேகை ஒன்றுதான். ஆகவே கருவூலத்தில் ஒரே பிரதிதான் இருக்கும்.

நான்கு வகைப் பொருள்கள்

கருவூலத்தில் நான்கே வகைப் பொருள்கள். முதலாவது 'பிளாப்'. பைலின் உள்ளடக்கம் மட்டும். பெயர் கூடக் கிடையாது. இரண்டாவது 'ட்ரீ'. இந்தப் பெயருக்கு இந்த ரேகை என்று ஒரு போல்டரின் சாமான்களைச் சொல்லும் பட்டியல். மூன்றாவது 'கமிட்'. நான்காவது 'டேக்'. முக்கியமான ஒரு நிலைக்கு நிரந்தரமாகக் கட்டும் பெயர்ச்சீட்டு.

இவற்றில் உயிர்நாடி கமிட்தான். ஸ்ரீரங்கத்தாருக்குக் கோயிலொழுகு தெரியும். எந்தத் திருப்பணியை யார் செய்தார், எந்த ஏற்பாட்டை யார் வகுத்தார் என்று பல தலைமுறைகளில் வளர்ந்த வரலாறு அது. கமிட் என்பது அப்படிப்பட்ட ஒழுகில் ஒரு பத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தவர் யார், எந்த நாள், எந்த நேரம், என்ன காரணம் என்பதை அது சொல்லும். அப்போது முழு வேலையும் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஒரு ட்ரீயின் ரேகையும் அதில் இருக்கும். அதோடு, இதற்கு முந்திய கமிட் எது என்பதும் இருக்கும்.

முந்நூறு பைல்களில் ஒன்றை மட்டும் மாற்றினால்? அந்த ஒரு பைலுக்குப் புது பிளாப். அது இருக்கும் போல்டருக்கும் மேற்போல்டர்களுக்கும் புதுப் பட்டியல். ஒரு புதுக் கமிட். மற்ற 299 பைல்களுக்கும் பழைய ரேகையையே சுட்டிவிட்டு கிட் சும்மா இருந்துவிடும்.

நாளடைவில் சரக்கு பெருகும். அப்போது கிட் பல பொருள்களை ஒரே மூட்டையாகக் கட்டி 'பேக்' என்ற உட்போல்டரில் வைக்கும். ஒன்றுபோலிருக்கும் பிரதிகளில் வித்தியாசத்தை மட்டும் அங்கே எழுதிக்கொள்ளும். மூட்டையில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லப் பக்கத்திலேயே ஓர் அட்டவணையும் உண்டு.

முத்திரை உடைந்தால் தெரியும்!

பழைய பதிவில் யாராவது இரகசியமாகக் கை வைத்தால்? சோழர் காலச் செப்பேடுகளை வளையத்தில் கோத்து, அதன்மேல் முத்திரை வைப்பார்கள். நடுவில் ஓர் ஏட்டை மாற்ற வேண்டுமானால் வளையத்தை அறுக்க வேண்டும், அறுத்தால் தெரிந்துவிடும். கிட்டிலும் ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தியதன் ரேகையைச் சுமக்கிறது. பழைய ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் வந்த அத்தனையின் ரேகையும் மாறி, காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் பூட்டு என்றிருந்தால் கள்ளச்சாவியும் இருக்கும் அல்லவா? கிட் ரேகை எடுக்கும் 'ஷா-1' என்ற முறையில், இரண்டு வேறு பைல்களுக்கு ஒரே ரேகை வரும்படி செய்ய முடியும் என்று 2017-ல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் சேர்ந்து செய்து காட்டின. அத்தகைய மோசடியைக் கண்டுபிடிக்கும் காவலை கிட் அந்த ஆண்டே சேர்த்துக்கொண்டது. இன்னும் நீளமான ரேகை தரும் 'ஷா-256' முறைக்கு 2020-ல் சோதனையாக வழி திறந்தது.

சின்னச் சீட்டுக்கள்

சரி, நாற்பது குறிகளை யார் நினைவில் வைத்துக்கொள்வது? அதற்குத்தான் 'ரெஃப்ஸ்' என்ற போல்டர். வேலையில் ஒரு கிளை பிரிப்பது பெரிய காரியம் என்று நினைப்போம். கிட்டுக்கோ அது ஒரு துண்டுச் சீட்டு! கிளையின் பெயரில் ஒரு பைல். அதற்குள் கடைசி கமிட்டின் ரேகை. அவ்வளவுதான். வரி முடிவையும் சேர்த்து 41 பைட்டுக்கள்.

'ஹெட்' என்ற பைல் நாம் இப்போது எந்தக் கிளையில் இருக்கிறோம் என்று சொல்லும். 'இண்டெக்ஸ்' என்பது அடுத்த பதிவில் எவை சேரப் போகின்றன என்ற முன்குறிப்பு. 'கான்ஃபிக்' சொந்த ஏற்பாடுகளுக்கு. 'ஹூக்ஸ்' குறிப்பிட்ட தருணங்களில் தானே ஓடும் சிறு புரோகிராம்களுக்கு.

'லாக்ஸ்' என்பதைத்தான் மாணவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சீட்டுக்கள் எப்போது எங்கே நகர்ந்தன என்ற நாட்குறிப்பு அது. கிளையைத் தவறாக அழித்துவிட்டுக் கண்ணீர் விடுகிறவர்கள், இந்த நாட்குறிப்பைப் புரட்டினால் பழைய ரேகை கிடைக்கும், போனதை மீட்டுவிடலாம். ஆனால் அதற்கும் தவணை உண்டு. சாதாரணக் குறிப்புக்கள் 90 நாள் நிற்கும். எந்தக் கிளையிலிருந்தும் எட்ட முடியாதவை 30 நாளே நிற்கும். அதன்பின் வீட்டைப் பெருக்கும்போது அவை போய்விடும்.

நினைவே பகையானால்?

மறக்காத நினைவில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கடவுச்சொல்லையோ பாங்குச் சாவியையோ புரோகிராமுக்குள் எழுதி, ஒரு தடவை கமிட் செய்துவிட்டால், மறுநாள் அந்த வரியை நீக்கினாலும் பயனில்லை. பழைய பிளாப் கருவூலத்தில் அப்படியே இருக்கும். அந்த வேலையை இன்டர்நெட்டில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டால், தேடத் தெரிந்தவன் எடுத்துக்கொள்வான். அத்தகைய தருணத்தில் முதல் வேலை கடவுச்சொல்லையே மாற்றிவிடுவதுதான். பழைய பதிவுகளைத் திருத்துவதெல்லாம் அதற்குப் பிறகு.

கல்லிலே எழுதியதற்கு ஒரே பிரதி. மணல் வீசிச் சுத்தம் செய்ததிலும், சுண்ணாம்புப் பூச்சிலும் நம் கோயில்களில் சிதைந்த கல்வெட்டுக்கள் எத்தனையோ! கிட்டில் நண்பன் ஒருவன் நம் வேலையைப் பிரதி எடுத்தால், சாதாரணமாக அதன் முழு வரலாறும் அவனிடம் போய்ச் சேரும். நம் கம்ப்யூட்டர் நெருப்பில் போனாலும் அவனிடமிருந்து திரும்பப் பெறலாம். ஆனால் எவரிடமும் கொடுக்காமல் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருந்தால், அந்த டிஸ்க் கெட்டுப்போகும் நாளில் கருவூலமும் சேர்ந்து போகும்.

ஆகவே, புராஜெக்ட் எழுதும் பிள்ளைகளே! 'உண்மையான இறுதி' என்று பெயர் வைப்பதை விட்டுவிடுங்கள். செய்த மாற்றத்தை அன்றன்றே பதியுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். இன்னொரு இடத்தில் ஒரு பிரதி வையுங்கள். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி அந்த ஒரு வரிதான் உங்களுக்குக் கை கொடுக்கும்.