கைத்திறனும் விளையாட்டும்

‘வேலை வேறு, விளையாட்டு வேறு, கைத்தொழில் கற்க வந்த பிள்ளை விளையாடலாகாது’ என்பது நம்மவரிற் பலருடைய அபிப்பிராயம். இது பெரும் பிழை என்று நாம் கருதுகிறோம். விளையாட்டுணர்ச்சி இல்லாத இடத்தில் உழைப்பு உண்டு, கலை இல்லை. அப்பியாசம் இல்லாத இடத்தில் விளையாட்டு உண்டு. அங்கும் கலை இல்லை. இவ்விரண்டும் கூடிய இடத்திலேதான் தொழில் கலையாகிறது.

இதற்கு நமது தேசிய இயக்கத்தின் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1938-ம் வருஷம் குஜராத்திலுள்ள ஹரிபுரா கிராமத்தில், சுபாஷ் சந்திர போஸின் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. மகாத்மா காந்தியின் விருப்பத்திற்கிணங்கி, சாந்திநிகேதனத்து ஓவிய ஆசான் நந்தலால் போஸ் அதற்கெனச் சித்திரங்கள் தீட்டினார். தச்சன், மத்தளம் கொட்டுவோன், தையற்காரன், மல்லன், பஞ்சு கொட்டுவோன் ஆகிய சாதாரண ஜனங்களே அச்சித்திரங்களின் நாயகர்கள். கையால் செய்த காகிதமும் மண் வர்ணங்களுமே சாதனங்கள். வங்காளத்துக் கிராமச் சித்திரக்காரர்களான பட்டுவாக்களின் வழியைத் தழுவி, தூரிகையை விரைந்தோட விட்டார் அவர். பார்ப்பவருக்கு அது குழந்தை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் அந்த விளையாட்டுக்குப் பின்னே முப்பது வருஷத்திற்கு மேற்பட்ட சாதகம் நின்றது. கை தேர்ந்தவனுக்கே அத்தகைய சுதந்திரம் கிட்டும்.

பள்ளிக்கூடங்களில் இவ்வுண்மைக்கு இடமளித்தோமா? 1937-ம் வருஷம் அக்டோபர் மாதம் வார்தாவில் நடந்த கல்வி மகாநாட்டில், கைத்தொழிலை மையமாகக் கொண்டே கல்வி அமைய வேண்டுமெனக் காந்தியடிகள் வற்புறுத்தினார். தக்ளியைச் சுழற்றும் சிறுவன் கணக்கும், பூகோளமும், சரித்திரமும் அதன் வாயிலாகவே கற்பான் என்பது அவர் கொள்கை. பிள்ளைகள் செய்யும் பொருள்களின் வருமானம் உபாத்தியாயரின் சம்பளத்துக்கு உதவ வேண்டுமென்ற யோசனைக்கோ அம்மகாநாட்டிலேயே ஆட்சேபம் எழுந்தது. வரும்படியையே பெரிதாக எண்ணிக் கல்வியின் நோக்கத்தைப் பலியிடும் அபாயம் உண்டென்று, திட்டத்தை வகுத்த ஜாகிர் ஹுசேன் கமிட்டியும் எச்சரித்தது. நியாயமான எச்சரிக்கையே! இத்தனை கஜம் நூல் கொடுத்தாக வேண்டுமென்ற நிர்ப்பந்தம் வந்ததும், சிறுவன் மாணாக்கனாயிரான், கூலியாளாகி விடுவான்.

நமது மாகாணம் கற்ற பாடம் இதனினும் கசப்பானது. 1953-ல், முதன்மந்திரி ராஜாஜி கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்ற திட்டத்தைக் கொணர்ந்தார். ‘குலக்கல்வி’ என்று ஜனங்கள் அதனை எதிர்த்தனர். 1954-ல் காமராஜர் பதவியேற்றபின் அது கைவிடப்பட்டது. ராஜாஜியின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால், குயவன் மகனுக்குச் சக்கரத்தையும் வக்கீல் மகனுக்குப் புத்தகத்தையும் பிறப்பே வகுத்துவிடுமாயின், அங்கே விளையாட்டுக்கு இடமேது? விளையாட்டின் உயிர் இஷ்டம். இஷ்டமில்லாத கைத்தொழில் விலங்கேயன்றி வேறல்ல.

ஆனால் அத்திட்டத்தை நிராகரித்த நாம், அத்துடன் கைத்தொழிலையும் நிராகரித்து விட்டோமோ என்று அஞ்சுகிறோம். பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது சித்திர வகுப்பும் கைவேலை வகுப்புமே. இது முறையன்று. வக்கீல் மகன் களிமண்ணைப் பிசையட்டும். குயவன் மகன் வீணையைத் தொட்டுப் பார்க்கட்டும். விலை மதியாமல், மதிப்பெண் எண்ணாமல், கெடுத்துக் கெடுத்துச் செய்து பழக அவர்களுக்குப் பொழுது கொடுங்கள். பிழை செய்ய அஞ்சும் கை ஒருநாளும் தேர்ச்சி பெறாது.

கைத்தொழிலாளியைக் கும்பிட்டுப் பேசும் தேசபக்தர்கள் நம்மிடையே அநேகர். தம் பிள்ளையின் கையில் உளியைக் கொடுக்கச் சம்மதிப்பவர் எத்தனை பேர்? அக்கேள்விக்கு நாம் அளிக்கும் விடையிலேதான் நம் கலைகளின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.