பாசிக்குள் ஒரு மணிக்கூடு

குளத்து நீரில் படியும் நீலப்பச்சைப் பாசியை நீங்கள் கண்டிருப்பீர்கள். விஞ்ஞானிகள் அதனைச் சயனோபற்றீரியா என்பர். கண்ணுக்குப் புலப்படாத அந்த ஒற்றைக்கல உயிருக்குள்ளும் ஒரு மணிக்கூடு ஓடுகிறது! இடைவிடாத வெளிச்சத்தில் வைத்தாலும் அது ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும்.

அதனை இயக்கும் பரம்பரை அலகு எது? ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் உபாயம் செய்தனர். ஒளிரும் கடற் பற்றீரியாவின் பரம்பரை அலகுகளை எடுத்துப் பாசிக்குள் 1993இல் பொருத்தினர். பாசி ஒளிர்ந்தது. அவ்வொளி நாளுக்கொரு முறை கூடிக் குறைந்தது.

அடுத்து, இரசாயனத்தால் பரம்பரை அலகுகளைப் பழுதாக்கி, ஒன்றரை இலட்சம் பாசிக் கூட்டங்களைச் சோதித்தனர். ஒன்றில் சுற்று 16 மணியாகச் சுருங்கிற்று. இன்னொன்றில் 60 மணியாக நீண்டது. சிலவற்றில் சுற்றே குழம்பிற்று. இம்முடிவு 1994இல் வெளிவந்தது.

பழுதான பாசிக்குள் பழுதற்ற துண்டுகளைச் செலுத்தினர். எது சுற்றை மீட்டதோ, அங்கேதான் தேடிய அலகு இருந்தது. 1998இல் கைஏ, கைபி, கைசி என மூன்று அகப்பட்டன. 'கை' என்பது ஜப்பானிய மொழியில் சுழற்சி. 2005இல் அவற்றின் புரதங்கள் மூன்றும் சோதனைக் குழாயிலேயே நாட்கணக்குக் காட்டின.

பழுதாக்கிப் பார்த்தது பாதி விடைதான். திருத்திக் காட்டிய பின்னரே அது முழு விடையாயிற்று.